பெட்ரோல் எறங்குதா?

டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பிஸ்டன் உருகுவதற்குச் சில விநாடிகள் முன்னால்தான் இருப்பதிலேயே இனிமையாகப் பாடும். சின்ன வயதில் ஈரோட்டில் மாமாவின் பட்டறையில் கேட்ட பாடம் இது. பெட்ரோல் குறையக் குறைய இன்ஜின் சூடேறும்; சத்தத்தில் இருக்கும் கரகரப்பு போய்க் கம்பி மாதிரி சுத்தமாக நீளும். "ஆகா, இப்பத்தான் செட்டிங் உக்காந்திருக்கு" என்று தோன்றும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இருபத்தைந்து வருடம் கழித்து, கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல் மேட்டில், ஒரு நவம்பர் இரவில் அதே சத்தத்தை நானே கேட்டேன். கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் "என்ன சத்தம் பாருங்கள்!" என்று வேறு சொன்னேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது போல. மேட்டின் முக்கால் உயரத்தில் எங்கள் வண்டியின் விளக்கு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கயிறு கட்டி இறக்கிக்கொண்டு வந்தோம்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நான் அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறேன். பிழைப்புக்குக் கம்ப்யூட்டர். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக். ஊராக இருந்தால் எழுபதைத் தொடும் ஒருவரை அண்ணா என்றோ ஐயா என்றோ கூப்பிட்டிருப்பேன். இங்கே பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இன்றைக்கும் அது நாக்கில் சரியாக ஒட்டவில்லை. இந்தக் கட்டுரையில் அவர் பெரியவராகவே இருக்கட்டும். அவர் வீட்டு கராஜில் தார்ப்பாய் மூடிய ஒரு நாலு சக்கர வண்டி கிடந்தது. ஏடிவி என்றும் குவாட் என்றும் சொல்வார்களே, அது. பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பார் பிடித்து ஓட்டுவது. ஒரு நாள் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். யமஹா பான்ஷீ.

இன்ஜினைப் பார்த்ததும் எனக்கு ஏதோ பொறி தட்டியது. பேரலல் ட்வின் (பக்கம் பக்கமாக இரண்டு சிலிண்டர்), டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வு. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், எவ்வளவு என்றேன். 64 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம், ஸ்ட்ரோக்? 54. சிரிப்பு வந்துவிட்டது. 64க்கு 54, 347 சிசி என்பது நம் ஊர் ராஜ்தூத் 350இன் அளவு. 1983இல் எஸ்கார்ட்ஸ் இந்தியாவில் கொண்டுவந்த அந்த வண்டி யமஹா ஆர்டி 350இன் இந்திய வடிவம். மாமாவின் பட்டறையில் எப்போதும் ஒன்று பிரித்துப் போட்டபடி கிடக்கும். ஊரில் யார் ஆர்டி வாங்கினாலும் முதலில் தாலியை அடகு வைத்துப் பெட்ரோல் போடணும் என்பது மாமாவின் நக்கல். ஜப்பானில் அதே குடும்பத்தில் அடுத்து வந்தவை தண்ணீர் குளிர்ச்சியோடு ஆர்டி 350 எல்சி என்றும் ஆர்இசட் 350 என்றும் ஆயின. அந்த வம்சத்தைக் கொண்டுபோய் நாலு சக்கரத்தில் உட்கார வைத்தால் பான்ஷீ. 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்றது. நிறுத்தி இத்தனை வருடமாகியும் மணலில் இழுவைப் பந்தயம் (நேர்கோட்டில் குறுகிய தூரம் பாய்கிற டிராக் ரேஸ்) என்றால் இன்னும் அதன் பேர்தான் முதலில் வருகிறது.

ஆக, ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒன்று தார்ப்பாய்க்குள் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து சனிக்கிழமைகள் அந்த கராஜில்தான்.

பெரியவரின் வண்டி கம்பெனியில் வந்தபடி இல்லை. சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் வாசல்களான போர்ட்டுகளை வெட்டிப் பெரிதாக்கியிருந்தார். சைலன்சர் இரண்டும் பந்தயத்துக்கானவை. நடுவில் தர்ப்பூசணி மாதிரி உப்பி இருக்கும். பின்னால் நீளமான ஸ்விங் ஆர்ம், துடுப்பு மாதிரி பட்டை வைத்த மணல் டயர். கம்பெனி கொடுத்த 26 மில்லிமீட்டர் மிக்குனி கார்ப்பரேட்டர் இரண்டையும் எடுத்துவிட்டு 35 மில்லிமீட்டர் கெய்ஹின் பிடபிள்யூகே இரண்டு போட்டிருந்தார். அவர் கணக்கில் 65 குதிரைத்திறன் வரும். திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் பெருமை பேசுகிற ஆள் இல்லை.

பந்தயம் என்றால் மணலில் பெரும்பாலும் 300 அடி, அதாவது நூறு கஜம். ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். இந்த ஐந்து விநாடிக்காக மனிதர்கள் ஐந்து மாதம் உட்கார்ந்து ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) மாற்றுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

ஜெட் மாற்றுவதற்கு முன்னால் பெரியவர் ஒரு வேலை செய்ய வைத்தார். சைலன்சர் துவாரத்தையும் கார்ப்பரேட்டர் உட்காரும் ரப்பரையும் அடைத்துவிட்டு, இன்ஜினுக்குள் ஆறு பிஎஸ்ஐ காற்று ஏற்றிக் காத்திருக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த கருவி டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் ரப்பர் பந்தும் மீட்டரும். 300 பாதரச மில்லிமீட்டர் ஏறத்தாழ ஆறு பிஎஸ்ஐதான், அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. முள் இறங்காமல் சில நிமிடம் நின்றால் சரி. இறங்கினால் எங்கோ காற்று பிடிக்கிறது: கிராங்க் சீல், ரீட் வால்வு கேஸ்கெட், இரண்டு இன்டேக் ரப்பரையும் இணைக்கும் குறுக்குக் குழாய், எதுவாகவும் இருக்கலாம். சோப்பு நுரை பூசினால் குமிழி காட்டிக் கொடுக்கும். காற்று பிடிக்கிற இன்ஜினுக்கு ஜெட் மாற்றுவது ஓட்டைப் பானைக்குச் சாயம் பூசுவது மாதிரி. எங்கள் முள் அசையவில்லை.

அப்புறம்தான் கார்ப்பரேட்டர். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு மாதம் ஆனது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பாகம் பேசும். கால்வாசி வரை ஸ்லோ ஜெட்டும் காற்று ஸ்க்ரூவும். அதை ஒட்டி, ஆக்சிலேட்டரோடு மேலெழும்பும் ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய பகுதி. வெட்டு அதிகமானால் காற்று கூடி பெட்ரோல் குறையும். கால் முதல் முக்கால் வரை நீடில், ஸ்லைடோடு எழும்பும் ஊசி. அதற்கு மேல் முழுத் திறப்பு வரை மெயின் ஜெட். ஒன்றின் எல்லையில் இன்னொன்று கொஞ்சம் கலந்துதான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எங்கே கோளாறு என்று பார்க்காமல் நேராக மெயின் ஜெட்டில் கை வைப்பார்கள். நானும் அப்படித்தான். ஆக்சிலேட்டர் பிடியில் கோந்துத் துணி ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவில் கோடு போட்டபிறகுதான் வண்டி எங்கே திணறுகிறது என்று ஒழுங்காகச் சொல்ல முடிந்தது.

இழுவைப் பந்தயக்காரருக்கு இதில் பாதி தேவையில்லை என்பார்கள். ஐந்து விநாடியில் நாலரை விநாடி முழுத் திறப்புதானே. உண்மைதான். ஆனால் கிளட்சை விடுகிற அந்த முதல் அரை விநாடியில் நீடில் கொஞ்சம் தவறினாலும் வண்டி ஒரு முனகல் முனகும். அந்த முனகலில் பக்கத்துக்காரன் ஒரு வண்டி நீளம் போயிருப்பான். இரண்டு கார்ப்பரேட்டரின் ஸ்லைடும் ஒரே கணத்தில் எழும்ப வேண்டும். ஒரு கேபிள் வந்து இரண்டாகப் பிரிகிற ஏற்பாடு என்பதால், ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் பின்தங்கினாலும் இரண்டு சிலிண்டரும் ஆளுக்கொரு ராகம் பாடும். ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டை ஸ்லைடுகளுக்கு அடியில் வைத்துச் சரிபார்த்தோம்.

மெயின் ஜெட்டுக்கு ப்ளக்தான் சாட்சி. புது ப்ளக் போட்டு, கியரில் முழுத் திறப்பில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, நின்ற இடத்தில் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது. முனையில் இருக்கும் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெள்ளைப் பீங்கான் உலோகத்தோடு சேருகிற ஆழத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய புகை வளையம் தெரியும், அதுதான் மெயின் ஜெட்டின் கையெழுத்து. ஈயமில்லாத பெட்ரோலில் அது தெரிவதே கஷ்டம். கூடவே ப்ளக் துவாரம் வழியாக பிஸ்டன் தலையையும் பார்ப்போம். புதுக் கலவை உள்ளே வரும் இடங்களில் கரி படியாமல் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் கழுவிய இடம் சுருங்கினால் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம்.

சாண்ட்லருக்குத் தெற்கே பாலைவனத்தில் சமதளமாக ஒரு இடம். அங்கே 300 அடி அளந்து, ஒரு பகல் முழுக்க ஓட்டினோம். 27 பாகை வெயில். மெயின் ஜெட் எண் 162, 160, 158 என்று (எண் குறைந்தால் துளை சிறிது) இறங்கி வந்து, 158இல் ப்ளக்கும் பிஸ்டனும் அவ்வளவு அழகாக இருந்தன. பெரியவர் தன் நோட்டில் 158 என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அடுத்த வாரம் கிளாமிஸ். கிலா பெண்ட், யூமா வழியாக நாலு மணி நேரம். தென்கிழக்குக் கலிபோர்னியாவில் எழுபது கிலோமீட்டர் நீளத்துக்கு நெளிந்து கிடக்கும் மணல் கடல் அது. இம்பீரியல் மணல் குன்றுகள் என்று பேர். அக்டோபருக்கு முன்னால் போனால் வெயிலில் வெந்துவிடுவோம். நவம்பர் நன்றி நவிலல் விடுமுறைக்கு ஊரே திரண்டு வருகிறது. வேன்களும் டிரெய்லர்களும் வட்டம் கட்டி நிற்கும், நடுவில் நெருப்பு. இரவானால் எல்லோரும் ஓல்ட்ஸ்மொபைல் ஹில் என்கிற மேட்டடியில் கூடுவார்கள். ஜோடி ஜோடியாக வண்டிகள் கீழிருந்து பாய்ந்து மேலேறும். நடுவரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. நம் ஊர் ரேக்ளா பந்தயத்தில் வழியோரம் நிற்கிற கூட்டத்தின் அதே ஆவேசம், மாட்டுக்குப் பதில் மண்டையைப் பிளக்கும் சத்தம்.

அங்கேதான் எங்கள் வண்டி பாடியது.

மறுநாள் காலை ஹெட்டைக் கழற்றினோம். இடது பிஸ்டனின் சைலன்சர் பக்க ஓரம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது, ரிங் ஒட்டிக்கொண்டுவிட்டது. வலதில் கீறல் மட்டும். பெட்ரோல் பற்றாமல் போனதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. பக்கத்து முகாமிலிருந்து ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரே தீர்ப்பு சொன்னார்கள்: பகல் வெயிலில் செட் செய்திருக்கிறீர்கள், இரவுக் குளிரில் ஓட்டியிருக்கிறீர்கள், குளிர்ந்த காற்று அடர்த்தி, ஜெட் சின்னது.

கேட்க நியாயமாக இருந்தது. பெரியவரும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, சிலிண்டரை ஒரு சைஸ் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, ஜெட்டை 165 ஆக்கினோம். வண்டி சமதளத்தில் சளி பிடித்த மாதிரி கரகரத்தது. ஆனாலும் பாதுகாப்புதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு டிசம்பரில் மறுபடி கிளாமிஸ். இந்தத் தடவை மேட்டின் கீழ்ப்பாதியில் கரகரப்பு, மேல்பாதியில்... மறுபடி அந்தக் கம்பிச் சத்தம். பெரியவர் சட்டென்று கிளட்சைப் பிடித்துவிட்டார். பிஸ்டன் பிழைத்தது.

கீழே கரகரப்பு, மேலே பாட்டு. ஒரே ஜெட், ஒரே முழுத் திறப்பு, ஒரே இரவு. இது எப்படி?

திரும்பி வருகிற வழியில் யூமா தாண்டியதும் போனில் கணக்குப் போட ஆரம்பித்தேன். 27 பாகையிலிருந்து 8 பாகைக்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும். அதனால் பெட்ரோலும் 7 சதவீதம் கூடுதலாக வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுகிறோம். ஆனால் கார்ப்பரேட்டர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அடர்த்தியான காற்று அதே வேகத்தில் கார்ப்பரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சுரி வழியாகப் போகும்போது உறிஞ்சலும் கூடுகிறது. பெட்ரோல் ஓட்டம் அந்த உறிஞ்சலின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி கூடும். ஆக, தேவையில் சுமார் பாதியை அதுவே கொடுத்துவிடும். மீதிப் பற்றாக்குறை 3 சதவீதம் சொச்சம். கெய்ஹின் ஜெட்டின் எண் துளையின் விட்டம், 158 என்றால் 1.58 மில்லிமீட்டர். பரப்பில் 3 சதவீதம் வேண்டுமானால் விட்டத்தில் ஒன்றரை சதவீதம் போதும். 158க்குப் பதில் 160, மிஞ்சிப்போனால் 162. நாங்கள் 165க்குப் போய்விட்டோம். பரப்பில் 9 சதவீதம் ஏறியிருக்கிறது. அதற்கப்புறமும் உச்சியில் பெட்ரோல் பற்றவில்லை என்றால் குளிர் குற்றவாளி இல்லை.

இன்னொரு சந்தேகம் ஆயில் மேல் வந்தது. முதல் தடவை உருகியபின், "கூட ஊற்றினால் நல்லதுதானே" என்று நான்தான் 32க்கு 1 என்றிருந்த ஆயில் கலவையை 20க்கு 1 ஆக்கினேன். இது நிறையப் பேர் செய்கிற காரியம். ஜெட் வழியாகப் போகிறது பெட்ரோல் மட்டும் இல்லையே, கலவைதானே. ஆயில் பங்கு ஏறினால் அதே ஓட்டையில் பெட்ரோல் பங்கு இறங்கும். 32க்கு 1இலிருந்து 20க்கு 1 போனால் பெட்ரோல் 2 சதவீதம் அளவுக்குக் குறையும். பாதுகாப்பு என்று ஊற்றுவது கொஞ்சம் ஆபத்தையும் சேர்த்தே ஊற்றுகிறது. ஆனால் இதுவும் பிஸ்டனை உருக்குகிற அளவு இல்லை.

அன்றிரவு மாமாவுக்குப் போன் போட்டேன். பட்டறையை மூடிப் பல வருடம் ஆகிறது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. அடர்த்தி, வர்க்கமூலம், ஜெட் பரப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. பெட்ரோல் எறங்குதா?"

"எறங்குதுங்க மாமா, டேங்க்ல இருக்குதே."

"டேங்க்ல இருக்கறதக் கேக்கல. டியூப்பக் கழட்டி ஒரு பாட்டில்ல புடி. நிமிசத்துக்கு எவ்வளவு வருதுன்னு பாரு. அப்புறம் உன் கணக்கச் சொல்லு."

எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பட்டறையில் எந்த வண்டி "ஏறும்போது இழுக்கலீங்க" என்று வந்தாலும் அவர் முதலில் செய்வது டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்ட மாதிரி. அடுத்தது சோக்கை லேசாக இழுத்து ஓட்டுவது. சோக் போட்டால் நன்றாக ஓடுகிறது என்றால் பெட்ரோல் பற்றவில்லை, தீர்ந்தது விஷயம். ஜெட் டப்பா அவர் கைக்கு வருவது கடைசியில்தான்.

சனிக்கிழமை பாட்டிலோடு போனேன். கார்ப்பரேட்டருக்குப் போகும் டியூப் இரண்டையும் கழற்றி அளவு போட்ட பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்து, ஒரு நிமிடம். 320 மில்லி.

எவ்வளவு வேண்டும்? டூ ஸ்ட்ரோக் பந்தய இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 400 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 65 குதிரைக்கு மணிக்கு 26 கிலோ, அதாவது 35 லிட்டர். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 600 மில்லி. பாதிதான் வந்துகொண்டிருக்கிறது! பிறகு சமதளத்தில் எப்படி அவ்வளவு அழகாக ஓடியது?

கிண்ணம். கார்ப்பரேட்டருக்கு அடியில் இருக்கிற ஃப்ளோட் கிண்ணத்தில் தொடக்கத்தில் சேமிப்பு இருக்கிறது. ஒன்றைக் கழற்றி நிரப்பி அளந்தேன், ஐம்பது மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. முழு வேகத்தில் இன்ஜினுக்கு விநாடிக்கு 10 மில்லி வேண்டும், டேங்கிலிருந்து வருவது ஐந்து சொச்சம். 300 அடியை ஐந்து விநாடியில் ஓடினால் இரண்டு கிண்ணமும் சேர்ந்து இழப்பது 25 மில்லிக்குள். இன்ஜினுக்கு எதுவும் தெரியாது. ப்ளக் அழகாக இருக்கும். நாமும் 158 என்று எழுதி அடிக்கோடு போடுவோம். மேட்டில் ஓடிவருகிற தூரத்தையும் சேர்த்துப் பதினைந்து விநாடி முழுத் திறப்பு. எழுபது மில்லி கடன். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க, ஜெட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெட்ரோலை மேலே இழுப்பது கடினமாகும். கடைசியில் காற்றும் பெட்ரோலும் கலந்து உறிஞ்சும். பெரிய ஜெட் போட்டதில் என்ன ஆனது என்றால், கிண்ணம் இன்னும் சீக்கிரம் காலியானது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிற கார்ப்பரேஷன் குழாயின் அடியில் பெரிய அண்டாவைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

குழாயில் ஏன் பாதி வந்தது? இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வெட்கம். பாலைவனத் தூசி உள்ளே போய்விடுமே என்கிற அக்கறையில், செப்டம்பரில் நான்தான் ஒரு ஃபில்டர் வாங்கி டியூப் நடுவில் மாட்டினேன். அழகான கண்ணாடிக் கூடு, உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். கார்களுக்கானது. காரில் பம்ப் தள்ளும்; இன்ஜெக்‌ஷன் வண்டியில் 40 பிஎஸ்ஐக்கு மேலே அழுத்தம். எங்கள் டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் முப்பது சென்டிமீட்டர் உயரம்தான். அந்த உயரம் கொடுக்கிற அழுத்தம் ஒரு பிஎஸ்ஐயில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாகத் தேறாது. அவ்வளவு சாதுவான அழுத்தத்துக்குக் காகிதம் ஒரு சுவர். ஃபில்டரை எடுத்துவிட்டுப் பிடித்தோம்: 560. டேப்புக்குள் இருந்த பழைய சல்லடையைச் சுத்தம் செய்ததும் 640.

இன்னும் ஒன்று. பந்தயத்துக்கு எடை குறைய வேண்டும் என்று டேங்கில் கால்வாசிதான் ஊற்றுவோம். பெட்ரோல் மட்டம் முப்பது சென்டிமீட்டரிலிருந்து இருபதுக்கு இறங்கினால் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சில கிலோ எடையை மிச்சம் பிடித்துப் பிஸ்டனைத் தாரை வார்த்திருக்கிறோம்! வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது நிலைமை இன்னும் மோசம். கிண்ணத்தில் பெட்ரோல் பின்னால் சரியும். புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கம் கிடைத்தாலே பெட்ரோலின் மேற்பரப்பு 45 பாகை சாயும். மேட்டின் சரிவு அதோடு சேரும். மட்டம் குறைந்த கிண்ணத்தில் அந்தச் சாய்வு மெயின் ஜெட்டை வெளியே தெரியவிட்டுவிடும். இதற்காகவே சிலர் ஆழமான கிண்ணம் வாங்கிப் போடுகிறார்கள். நாங்கள் போடவில்லை. அதற்குப் பதில் இரட்டை வாய் உள்ள பெரிய டேப், கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் வாயான ஃப்ளோட் நீடில் சீட் சற்றுப் பெரிதாக, கிண்ணத்துக் காற்றுக் குழாய்களை மணல் அடைக்காதபடி மேலே தூக்கிக் கட்டியது. இப்போது நிமிடத்துக்கு 900 மில்லிக்கு மேல் வருகிறது. ஆயிலைப் பழையபடி 32க்கு 1 ஆக்கினோம். குளிருக்கு 160. கரகரப்பு போய்விட்டது.

சைலன்சரில் வெப்பமானி மாட்டியிருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உதவியிருக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) தொடங்கினால் சூடு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் போய், சைலன்சர் வெப்பம் இறங்குவதுபோலக் காட்டும். "பெட்ரோல் ஜாஸ்தி" என்று நினைத்து ஜெட்டைக் குறைத்தால் அவ்வளவுதான்.

பிப்ரவரியில் மூன்றாவது தடவையாகப் போனோம். அந்த இரவு எங்களுக்கு ஜோடியாக வந்தது மெத்தனாலில் ஓடும் இன்னொரு பான்ஷீ. அது ஸ்டார்ட் ஆனதும் வந்த வாசனையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். விளக்கெண்ணெய்! மாசம் ஒரு தடவை பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே சாமான். மெத்தனாலோடு சாதாரண மினரல் ஆயில் கலக்காது, பிரிந்து நிற்கும். ஆமணக்கு எண்ணெய் கலக்கும், சூட்டையும் தாங்கும். அதனால் ஆல்கஹால் பந்தய வண்டிக்காரர்களுக்கு அந்த வாசனை கோயில் சாம்பிராணி மாதிரி. அந்த வண்டிக்காரரிடம் "எங்கள் ஊரில் இதைக் குழந்தைகளுக்கு வயிறு கழுவக் கொடுப்பார்கள்" என்றேன். அவர் நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். எங்கள் ஊரில் விளக்கெண்ணெய் என்பது ஒரு திட்டுச் சொல்லும்கூட என்பதை நான் சொல்லவில்லை.

அவருடைய வண்டியில் நான் ஆர்வமாகப் பார்த்தது பெட்ரோல் வழியைத்தான், மன்னிக்க, மெத்தனால் வழியை. பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்குதான். அதே காற்றுக்கு எடையில் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். எங்களுக்கு 600 மில்லி என்றால் அவருக்கு நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர், நடைமுறையில் அதற்கும் மேலே. டேங்க் உயரத்தை மட்டும் நம்பி இது நடக்காது. விரல் தடிமனுக்கு டியூப், பம்ப், துளை பெரிதாக்கிய சீட். கொடுக்கிற பலனும் பெரிது: ஆவியாகும்போது ஒவ்வொரு கிலோவும் பெட்ரோலைவிட மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சும், அளவும் இரண்டு மடங்குக்கு மேல் என்பதால், உள்ளே போகிற காற்று குளிர்ந்து சுருங்குகிறது. ஓடி முடித்த இன்ஜினின் இன்டேக் பக்கம் ஈரம் கோத்திருந்தது. விலையும் உண்டு. அலுமினியத்தை அரிக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒவ்வொரு தடவையும் கழுவி வைக்க வேண்டும். தீப்பிடித்தால் பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. எனக்கு அது போதும். பெரியவர் மட்டும் அந்தப் பம்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்றோம், ஐந்தாறு வண்டி நீளத்துக்கு. ஆனால் எங்கள் வண்டி அடியிலிருந்து உச்சி வரை ஒரே குரலில், கொஞ்சம் கரகரப்பான, கொஞ்சமும் அழகில்லாத குரலில் போய்ச் சேர்ந்தது. மாமாவுக்கு அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். "இன்னும் ரெண்டு நம்பர் கொறைக்கலாம், ஆனாக் கொறைக்காத" என்று பதில் வந்தது.

ஊர் திரும்பி ப்ளக்குகளைக் கழற்றினோம். வலது சரியாக இருக்கிறது. இடது மட்டும் ஒரு நிழல் அளவுக்கு வெளுப்பு. முதல் தடவை உருகியதும் இடதுதான். பெரியவர் ஜெட் டப்பாவை எடுக்கப் போனார். நான் ரத்த அழுத்த மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இருவருக்கும் நினைவில்லை.